வடிவாகக் கழுவிய கிண்ணம்

புது வேலையில் முதல் வாரமே நல்ல பெயர் எடுக்கத் துடிப்பவனிடம் எதையும் கழுவக் கொடுக்கக் கூடாது. என்னைப் பற்றித்தான் சொல்கிறேன்.

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்தோம். கொழும்பு ஹோட்டலில் கோப்பை கழுவினேன், மடவளைத் துணிக்கடையில் நின்றேன், லொறிகளில் தூங்கினேன். கடைசியில் பேராதனைப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் எடுபிடி வேலை கிடைத்தது. நோயாளிகளின் உடலிலிருந்து எடுத்த செயற்கை இடுப்பு மூட்டுகளை அங்கே ஆராய்ந்தார்கள். உலோகக் குண்டொன்று பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் சுழலும். நடக்க நடக்கக் கிண்ணம் தேயும், கீறல் விழும். அதை அளப்பார்கள்.

எனக்கும் அதில் அக்கறை இருந்தது. ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்தில் அம்மா இடுப்பு வலியால் லயத்து வீட்டு வாசலைத் தாண்டவில்லை. மூட்டை மாற்றலாம் என்றார் டொக்டர். அம்மா மறுத்துவிட்டார்.

"பிளாஸ்டிக் வாளியே ஒரு வருஷம் தாங்க மாட்டேங்குது. அதையா இடுப்புல வைக்கப் போறாங்க? எத்தன காலம் நிக்கும்னு கேட்டு வா, அப்புறம் பாக்கலாம்."

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த வதனி மிஸ்ஸிடம் கேட்டேன். அவர் ஒரு கிண்ணத்தைக் காட்டினார்.

"இது ஒரு அம்மாவுக்குப் பல வருசமா இருந்தது. விழுந்து எலும்பு முறிஞ்சபடியால்தான் எடுத்தவை. இதை அளந்தால் உங்கட அம்மாவுக்கு ஒரு மறுமொழி சொல்லலாம். வடிவாக் கழுவி வையுங்கோ, வாறன்."

அவர் ஊரில் 'வடிவா' என்றால் 'ஒழுங்காக'. எங்கள் பக்கம் வடிவு என்றால் அழகு. கிண்ணமோ மங்கி, கீறி, பார்க்கச் சகிக்கவில்லை. தேநீர் அறையில் பாத்திரப் பொடியும் தேங்காய்த் தும்பும் இருந்தன. (கோப்பை கழுவுவதில் கொழும்பே என்னை மெச்சியிருக்கிறது.) கை கடுக்கும்வரை தேய்த்தேன்.

மிஸ் அதை நுண்நோக்கியில் வைத்தார்.

"இதென்ன, சுத்திச் சுத்தி வட்டமாக் கீறல்? அந்த அம்மா நடந்தவவோ, பம்பரம் மாதிரிச் சுழண்டவவோ?"

"நான்தான் மிஸ்... வடிவா தேய்ச்சேன்."

"தேய்ச்சனீங்களோ! ஐயோ, தேய்மானத்தை அளக்கிற இடத்தில ஆராவது தேய்க்கிறதோ!"

பையைத் தூக்கினேன். வேலை போவது எனக்குப் பழக்கம். அம்மாவுக்கான பதிலையும் சேர்த்துக் கழுவி ஊற்றிவிட்டேனே என்பதுதான் கவலை.

"எங்க போறீங்கள்? இருங்கோ." சிறு முனையால் கிண்ணத்தின் உட்புறத்தைப் புள்ளி புள்ளியாகத் தொட்டளக்கும் கருவியில் அதை வைத்தார். நான் சாமி கும்பிடுவது போல நின்றேன்.

"மேல் கீறல் எல்லாம் போச்சு. அது உங்கட கணக்கு. ஆனா குண்டு அழுத்தின பள்ளம் அப்பிடியே இருக்கு, அது தும்புக்கு அழியாது. இவ்வளவு வருசத்துக்கு இது கொஞ்சத் தேய்வுதான். எல்லாருக்கும் இப்பிடி எண்டு சொல்லேலாது, எண்டாலும் நம்பலாம். அந்த அம்மாவின்ர காலை விட உங்கட கைதான் மோசம்!"

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் ஒன்று விடாமல் சொன்னேன். அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "சரி, வச்சுக்கிறேன்" என்றார். ஆனால் ஒப்பரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது டொக்டரின் கையைப் பிடித்தார்.

"ஐயா, உள்ள வைக்கிற சாமான என் மவன் கையில மட்டும் குடுத்துறாதீங்க."

இப்போது அம்மா தனியாகவே கடைவீதிக்குப் போய் வருகிறார். சுகம் விசாரிப்பவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்:

"மவன் கை படாத இடுப்பு. அதான் நல்லா இருக்கு."