ஏழேகால் மணி போன்

"கோபத்த விடச் சொல்லுதீய மாஸ்டர், சரி. போன எதுக்கு விடணும்? அத எடுக்கத்தான எனக்குச் சம்பளம்?"

"சத்தம் போடாத தாயி. மூச்ச மெதுவா விடு."

"என் மூச்சு தானா போயிட்டு வந்துட்டுத்தான் இருக்கு. அங்க ஒருத்திக்கு அது நின்னுறக் கூடாதேன்னுதான் கத்துதேன்."

மாரீஸ்வரி கத்தி முடிப்பதற்குள் போன் அடித்து ஓய்ந்துவிட்டது.

இடம், தாராவியில் நம் சந்து முனையில் இருக்கும் பெண்கள் உதவி மையம். வீட்டில் அடி வாங்குகிறவர்கள் வந்து சொல்லி அழும் இடம். ஒன்பது வருடமாக அதைக் கேட்டுக் கேட்டு மாரீஸ்வரிக்குத் தூக்கம் போயிற்று. இன்னொரு ஆள் போடுங்கள் என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதினாள். ஆள் வரவில்லை, ஆறு பாய் வந்தது. ஊழியர்களின் மன அமைதிக்குத் தினமும் காலை ஏழிலிருந்து எட்டுவரை யோகாவும் தியானமுமாம். சொல்லிக்கொடுக்க, இரண்டு சந்து தள்ளிக் குடியிருக்கும் கோமதிநாயகம் மாஸ்டர். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. எறும்பைக்கூடச் சுற்றிக்கொண்டு போவார்.

வகுப்பு தொடங்கிய மறுநாள்தான் அந்தப் போனும் தொடங்கியது. சரியாக ஏழேகாலுக்கு ஒரு பெண். "இந்த நேரந்தாம்மா பேச முடியும். நாளைக்குக் கூப்பிடுதேன்." அவ்வளவுதான், வைத்துவிட்டாள். பெயர் சொல்லவில்லை. தினம் யாரிடமோ இரவல் வாங்கிய ஒரு நம்பர். திருப்பிக் கூப்பிடவும் வழியில்லை. அந்தப் பக்கம் யார் எடுப்பான் என்று தெரியாமல் கூப்பிடக் கூடாது என்பது இந்த வேலையில் முதல் பாடம்.

சண்டையைத் தீர்க்கப் பொறுப்பாளர் நுஸ்ரத் மேடம் போனை வைப்ரேஷனில் போட்டார். மறுநாள் அது தகர அலமாரி மேல் அதிர, அலமாரி பட்டறை மாதிரி உறுமியது. அதற்கடுத்த நாள் சுருட்டிய பாய்க்குள் செருகினார். எட்டு மணிக்கு எடுத்துப் பார்த்தால் நாலு மிஸ்டு கால்.

"நாலு தடவ கூப்பிட்டிருக்கா மேடம். அவ என்ன கேஸ் சிலிண்டரா புக் பண்ணுதா?"

"மாரி, முதல்ல உன்னப் பாத்துக்க. இதெல்லாம் உனக்காகத்தான்."

"எனக்காகன்னா ஒரு ஆளக் குடுங்க. பாய வச்சு நான் என்ன செய்ய?"

மறுநாள் யாருக்கும் சொல்லாமல் போனை இடுப்பில் செருகிக்கொண்டு சவாசனத்தில் படுத்தாள். பிணமாகக் கிடக்க வேண்டிய நேரத்தில் இடுப்பு துடித்தது. துள்ளி எழுந்ததில் போன் நழுவி, பக்கத்தில் கிடந்த, கூட வேலை பார்க்கும் ஜோஸ்பினுக்கு அடியில் போயிற்று. ஜோஸ்பின் எண்பது கிலோ. அவளைப் புரட்டி எடுப்பதற்குள் போன் ஓய்ந்தது.

மாஸ்டர் சிரித்தார். "எங்கிட்டக் குடு தாயி. எனக்கு மனசு எப்பவும் அமைதிதான். நான் பாத்துக்கிடுதேன்."

மாரீஸ்வரி தரவில்லை. மேடம் பிடுங்கிக் கொடுத்தார்.

அடுத்த நாள் ஏழேகாலுக்கு அடித்தது. இவள் எழுவதற்குள் மாஸ்டர் எடுத்துவிட்டார். அந்தப் பக்கம் பேசும்வரைகூடப் பொறுக்கவில்லை. "மூச்ச உள்ள இழு... மெதுவா விடு... இப்ப எல்லாம் சரியாப் போச்சுல்லா?"

லைன் கட்டாகிவிட்டது.

"பாத்தியா, ஒரே நிமிசத்துல சாந்தமாயிட்டா" என்றார் மேடம்.

அன்றோடு ஏழேகால் போன் நின்றது. ஒரு வாரம் காத்திருந்துவிட்டு, மாரீஸ்வரி பாயைச் சுருட்டி மாஸ்டர் காலடியில் எறிந்தாள். "உங்க அமைதிய நீங்களே வச்சுக்கிடுங்க. அவ உசுரோட இருக்காளான்னு மட்டும் சொல்லுங்க." அதற்கு அவளுக்கு ஒரு மெமோ கிடைத்தது. காரணம்: மிதமிஞ்சிய கோபம்.

அடுத்த மாதம் வகுப்பும் நின்றது. ஜோஸ்பினுக்குக் கல்யாணமாயிற்று. நுஸ்ரத் மேடம் மாற்றல் வாங்கித் திலக் நகர் போனார், ஆறு பாயும் கூடவே போயின. மாஸ்டரின் வீட்டுக்காரி, மகளின் பிரசவத்துக்கென்று கோபர்கைரனே பக்கம் போனவள், திரும்பி வரவில்லை. ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் மாஸ்டர் சுனாபட்டியில் தம்பி வீட்டோடு போய்விட்டார். தங்கமான மனுசன் என்று குழாயடியில் இன்னும் உச்சுக் கொட்டுகிறார்கள்.

ஒரு நாள் பகல் பதினொரு மணிக்குப் போன் அடித்தது. அதே குரல்.

"எங்கம்மா போயிட்டீங்க?" என்றாள் மாரீஸ்வரி. கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. "ஏன் கூப்பிடுறத நிறுத்துனீங்க?"

"அன்னைக்கு எடுத்தவரு, மூச்ச உள்ள இழு, மெதுவா விடுன்னாரு. வீட்டுலயும் அடிச்சு முடிச்சதும் அவரு அதத்தாம்மா சொல்லுவாரு."