சில்வானோவை அனுப்பும் வழி

"அண்ணை, ஆறு கோல்! ஆர்ஜொந்தெய்க் கழகப் பெடியள் சிரிச்சுச் சிரிச்சு அடிச்சவங்கள். இந்தக் கோச்சரை எப்ப அனுப்பப் போறியள்?"

அணித் தலைவன் துஷ்யந்தன் கேட்டதும், தவரத்தினம் கல்லாவுக்குப் பின்னால் நெளிந்தார். பாரிஸ் லா ஷப்பலில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் அவர்தான் உதைபந்தாட்டக் கழகத்தின் தலைவரும்.

சில்வானோ ஒருகாலத்தில் இத்தாலியில் பெயரெடுத்த முன்கள வீரர். அவர் கால் பட்டால் பந்து வலைக்குள்தான். முழங்கால் போனபின் பயிற்சியாளரானார். போன கழகமெல்லாம் ஒரு வருடம் தாங்காமல் கழற்றிவிட்டது. மனைவி மெலானியோடு பக்கத்து ஸ்டாலின்கிராட் பகுதியில் குடியிருந்தவர் கொத்துரொட்டி சாப்பிட வந்தபோது, தவரத்தினம்தான் கையைப் பிடித்து மைதானத்துக்கு இழுத்துப் போனார்.

"நானே கூப்பிட்டிட்டு நானே போ எண்டு சொல்லுறதோ? மரியாதையா அனுப்புவம்."

கடையிலேயே பிரியாவிடை வைத்தார். பொன்னாடை போர்த்தி, "மெர்சி பூர் து", எல்லாத்துக்கும் நன்றி என்று இரண்டு தரம் சொன்னார். சில்வானோ கண் கலங்கிக் கட்டிப்பிடித்தார். மறுநாள் எல்லோருக்கும் முன்னதாகவே பயிற்சிக்கு வந்து நின்றார், கழுத்தில் பொன்னாடையோடு. வந்ததும் கோல் காப்பாளனை முன்களத்துக்கு அனுப்பினார்.

அடுத்த ஆட்டத்தில் எட்டுக் கோல் வாங்கினார்கள்.

"பெடியளை வரவேண்டாம் எண்டு சொல்லு. ஆளில்லாட்டி விளங்கிக்கொண்டு போயிடுவார்" என்றார் தவரத்தினம்.

யாரும் வரவில்லை. மழை மட்டும் வந்தது. வெறும் மைதானத்தில் நனைந்தபடி சில்வானோ நிற்பதைக் காரிலிருந்து பார்த்த தவரத்தினத்துக்கு மனம் கேட்கவில்லை. குடையோடு இறங்கிப் போனார். அவ்வளவுதான், சில்வானோ விசிலை ஊதினார். தொப்பை குலுங்க மைதானத்தைச் சுற்றி ஓடியது கழகத் தலைவர்தான்.

"பெரிய பதவி ஒண்டைக் குடுத்து ஒதுக்கினால்?" இரண்டு நாள் முதுகுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே யோசித்து, சில்வானோவை ஆயுட்கால ஆலோசகராக அறிவித்தார். கேட்ட சில்வானோவின் முகம் வெளிறியது. அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

'மனுசன் சந்தோசத்திலை மயங்கப் போகுது' என்று தவரத்தினம் தண்ணீர் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை துஷ்யந்தனை வெளியே இருத்திவிட்டு, பந்துக்குக் காற்றடிக்கிறவரை இறக்கினார் சில்வானோ. எத்தனை கோல் என்று எண்ணுவதை எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

"இண்டைக்கு அவர் போகாட்டி, நாங்கள் எல்லாரும் லெ பிளாங்-மெனில் கழகத்துக்குப் போறம், அண்ணை!" என்றான் துஷ்யந்தன்.

பதினைந்து வருடமாய்க் கட்டி வளர்த்த கழகம். தவரத்தினத்துக்குத் தலை சுற்றியது. அவருடைய பிரெஞ்சு சாமான் வாங்கத்தான் போதும்; பள்ளிக்கூடக் கன்டீனில் வேலை செய்யும் மனைவி கௌரியிடம் கைப்பேசியை நீட்டினார்.

"மெலானியோடை நீர் கதையும். மனம் நோகாமல் சொல்லும், என்ன?"

கௌரி கதைத்தாள். "வுய்... வுய்..." என்று ஆமாம் போட்டாள். பிறகு மெலானி சொன்னதையெல்லாம் கேட்டாள். கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, அந்த மனுசனுக்கு வேலையை விடுறன் எண்டு சொல்லக் கூச்சமாம்; எல்லா இடத்திலையும் வேணுமெண்டு தோத்துத்தானாம் கழண்டு வந்தவர். உங்களிட்டை மட்டும் தோக்கத் தோக்கப் பொன்னாடையும் பதவியும் வருதெண்டு வீட்டிலை இருந்து அழுகிறாராம்!"