நிலா வாட்ச்சா, மணி வாட்ச்சா?

கையில் ஒரு வாட்ச்கூடக் கட்டாமல் விலையுயர்ந்த வாட்ச்களைப் பற்றி இத்தனை கவலைப்பட்ட மனிதர் ஓசூரில் என்ன, சுவிட்சர்லாந்திலும் இருந்திருக்க முடியாது. எங்கள் கம்பெனி பஸ்ஸில் அவருக்கு ஜட்ஜ் என்று பெயர். கியர் செக்‌ஷனில் வேலை. ஊர் தளிப் பக்கம். வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ், மெஷின் மக்கர் செய்தால் அதனிடம் தெலுங்கு.

அவர் முன்னால் இருந்த வழக்கு இதுதான். செல்போனில் இரண்டு வாட்ச்களைப் பார்த்துவிட்டார். இரண்டுக்கும் பேட்டரி கிடையாது. சாவி கொடுத்தால் ஓடும். ஒன்றின் முகத்தில் சின்ன ஜன்னல், அதற்குள் நிலா வளர்ந்து தேயும். இன்னொன்றின் பக்கவாட்டில் ஒரு விசை. அதைத் தள்ளினால் உள்ளே குட்டிச் சுத்தியல்கள் அடித்து, மணி என்ன, நிமிஷம் என்ன என்று ஓசையாலேயே சொல்லும். எதை விற்றாலும் பாகலூர் ரோட்டில் வீடு வாங்கலாம். ஜட்ஜுக்கு வாங்கும் எண்ணமே இல்லை. எது உயர்ந்தது என்று தெரிந்தால் போதும்.

பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் சாட்சி சொன்னோம். கேன்டீனில் சாம்பார் ஊற்றுபவர் நிலா என்றார். காரணம் கேட்டதும் மணி என்று மாற்றிக்கொண்டார். அவரைப் பிறழ்சாட்சி என்று ஒதுக்கிவிட்டார் ஜட்ஜ். சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போன இடத்தில் மேனேஜரையும் கேட்டார். மேனேஜர் யோசிக்க அவகாசம் கேட்டதால் பேச்சுவார்த்தை மறுநாளைக்குத் தள்ளிப்போனது.

இந்த நிலையில்தான் பாரூரில் அவருக்குப் பெண் பார்க்கப் போனோம். கரும்பு விவசாயக் குடும்பம். பெண் சுகுணா கிருஷ்ணகிரியில் நர்ஸ். இருவரையும் தனியே பேசச் சொன்னார்கள். தனியே என்றால் நானும் அவளுடைய சித்தியும் கேட்கும் தூரம். ஜட்ஜ் போனை எடுத்து வழக்கை விவரித்தார். சித்தி என்னைப் பார்த்தார். நான் தென்னைமரத்தைப் பார்த்தேன்.

சுகுணா கடைசிவரை கேட்டுவிட்டு, "மணி அடிக்கிறதுதாங்க. நைட் டூட்டில லைட் போட்டா பேஷன்ட் எழுந்துக்குவாங்க. இது இருட்டுலயே டைம் சொல்லிடுமே" என்றாள்.

இப்படி ஒரு சாட்சியம் அதுவரை வந்ததே இல்லை. திரும்பும் வழியெல்லாம் ஜட்ஜ் அந்தச் சாட்சியத்தையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தார். பெண் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு, ரொம்பப் பிடித்திருக்கிறது, ஆனால் தீர்ப்பு சொல்லாமல் சம்மதம் சொல்வது முறையல்ல என்றார். பாரூரிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. வேறு இடம் பார்க்கட்டுமா என்று கேட்கும் அளவுக்குப் போய்விட்டது.

வேறு வழியின்றி அவரை பெங்களூரில் ஒரு பெரிய வாட்ச் கடைக்கு அழைத்துப் போனேன். வாங்க வரவில்லை, பார்க்கத்தான் வந்தோம் என்று வாசலிலேயே கன்னடத்தில் சொல்லிவிட்டார். கூட்டமில்லாத நேரம். விற்பனையாளர் அவர் முகத்தில் எதைக் கண்டாரோ, வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு இரண்டையும் எடுத்து வைத்தார். ஜட்ஜ் குனிந்து காதைக் கொடுத்தார். விசையைத் தள்ளியதும் கோயில் மணியைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கியதுபோல ஓர் ஒலி. எனக்கே சிலிர்த்தது. ஜட்ஜ் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு நிலாவை வெகுநேரம் பார்த்துவிட்டு நன்றி சொல்லி வெளியே வந்தார்.

"நிலாதான்பா" என்றார். "மணி, கேட்டாத்தான் சொல்லுது. இது, கேக்காமயே இருக்குது."

பஸ்ஸில் அவரிடம் கெஞ்சினேன். அந்தப் பெண்ணிடம் மணி என்றே சொல்லிவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை என்றேன். தீர்ப்பை மாற்றச் சொல்கிறாயா என்று கேட்டுவிட்டு, அத்திப்பள்ளி நெரிசலில் பஸ் நின்றபோது போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"மன்னிச்சிருங்க. நிலான்னு முடிவாயிடுச்சுங்க."



"தப்புங்க" என்றாள் சுகுணா. "ஞாயித்துக்கெழம வாங்க. நேர்ல பேசிக்கலாம்."

பேசினார்கள். தை மாதம் கல்யாணம் நடந்தது. வழக்கு இப்போது அப்பீலில் இருக்கிறது.

நான் சேலத்துக்கு மாறிவிட்டேன். எப்போதாவது ஓசூருக்குப் போனால் லாட்ஜில் ரூம் போடுவதில்லை. ஞாயிறு மதியம் அவர்கள் வீட்டு ஹாலில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, அடுப்படியில் இருவரும் வாதாடுவதைக் கேட்டபடியே தூங்கிப்போவேன். அப்படி ஒரு தூக்கம் என் வீட்டில்கூட எனக்கு வந்ததில்லை.