உலகின் இரண்டாவது சிறந்த விமானம்

விமானத்தில் ஒருமுறைகூட ஏறாதவர்களுக்குத்தான் எந்த விமானம் நல்ல விமானம் என்பது சந்தேகமில்லாமல் தெரியும். ஏறி இறங்கியவர்களைக் கேட்டால் இழுப்பார்கள். "அது அன்னன்னிக்கு நம்ம நேரம்" என்பார்கள். இருபத்து நான்கு வயதில் எனக்கு அந்த இழுவையெல்லாம் கிடையாது. குடியாத்தத்திலிருந்து ஆம்பூருக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்த நான், எங்கள் ஷூ கம்பெனியின் எக்ஸ்போர்ட் செக்‌ஷனில் விமான நிபுணனாகத் திகழ்ந்தேன்.

நிபுணத்துவம் வந்த கதை எளிது. எங்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவர் வழவழப்பான ஓர் ஆங்கிலப் பத்திரிகையை எங்கள் ஆபீஸ் சோபாவில் விட்டுப் போனார். அதில் உலகத்து விமான கம்பெனிகளை வரிசைப்படுத்தி, நட்சத்திரம் போட்டு, ரேங்க் கொடுத்திருந்தார்கள். சீட்டுக்கு இத்தனை, சாப்பாட்டுக்கு இத்தனை, பணிப்பெண்ணின் சிரிப்புக்கு இத்தனை. நான் அதை மனப்பாடம் செய்தேன். போதாக்குறைக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து, முன்பின் தெரியாதவர்கள் எழுதிய விமர்சனங்களையும் படித்தேன். 'ஆரஞ்சு ஜூஸ் அற்புதம்' என்று ஒருவர் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார். எப்பேர்ப்பட்ட ஆராய்ச்சியாளர் என்று வியந்தேன்.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. எங்கள் முதலாளி பாய் இத்தாலிக்குப் புறப்பட வேண்டியிருந்தது. மார்க்கோ என்ற பையரிடம் சாம்பிள் காட்டி அந்த சீசன் ஆர்டரை வாங்கியாக வேண்டும். வாங்காவிட்டால் இரண்டாவது ஷிஃப்ட் இல்லை. அந்த ஷிஃப்டில் இருந்தவர்களில் பாதிப்பேர் எனக்குத் தெரிந்தவர்கள். மார்க்கோவுக்கு ஈமெயில் எழுதுகிறவன் நான் என்பதால் என்னையும் வரச் சொன்னார் பாய். டிக்கெட் போடும் பொறுப்பும் என் தலையில்.

வழக்கமாக வேலூர் டிராவல்ஸ்காரர்தான் போடுவார். அவரும் லேசுப்பட்டவர் அல்ல. எப்போதும் ஒரே விமானத்தைத்தான் சிபாரிசு செய்வார். காரணம் கேட்டேன்.

"இன்னா சார் இப்டி கேக்கறீங்க? வருஷா வருஷம் அவங்க குடுக்கற காலண்டரைப் பாத்திருக்கீங்களா?"

இந்த ஞானசூனியத்தோடு எனக்கென்ன பேச்சு என்று நேராக பாயிடம் போனேன்.

"சார், இந்த ஏர்லைன்ஸ் உலகத்துலயே ரெண்டாவது சார்."

"யார் சொன்னது?"

"பத்திரிகை சார்."

"ஏம்பா, அப்ப மொதல்ல இருக்கறதுல போட வேண்டியதுதானே?"

"அது ரேட் ஜாஸ்தி சார். தரத்தையும் விலையையும் சேத்துப் பாத்தா இதுதான் பெஸ்ட்."

பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன். ரேங்க் வரிசைக்கு எதிர்ப்பக்கம் முழுவதும் அதே கம்பெனியின் வண்ண விளம்பரம். அதைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வரவில்லை. நன்றாகப் படித்த பிள்ளை மார்க் ஷீட்டை ஊருக்கெல்லாம் காட்டுவதில்லையா, அப்படி என்று நினைத்துக்கொண்டேன். (எனக்கு பி.காம். பட்டம் கொடுத்தவர்களைக் கேட்க வேண்டும்.)

சென்னையில் விமானம் ஏறினோம். பாய் உட்கார்ந்ததும் சீட்டைச் சாய்க்கப் பார்த்தார். சாயவில்லை. என் சீட் தானாகச் சாய்ந்தது, நிமிரவில்லை. அவர் முன்னால் இருந்த டிவியில் படம் ஓடியது, சத்தம் என் காதில் கேட்டது. ஆரஞ்சு ஜூஸ் தீர்ந்துவிட்டது என்றார்கள். பணிப்பெண் மட்டும் அதைச் சொல்லும்போதும் சிரித்தார். அந்த வகையில் பத்திரிகை பொய் சொல்லவில்லை.

"ரெண்டாவதா?" என்றார் பாய்.

"இது பழைய பிளேனா இருக்கும் சார். ரேங்க் வேற பிளேனுக்குக் குடுத்திருப்பாங்க."

பாய் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். மிலான் வந்த பிறகுதான் விலக்கினார்.

மிலானில் எல்லோருடைய பெட்டியும் வந்தது. எங்களுடைய துணிப் பெட்டிகளும் வந்தன. சாம்பிள் பெட்டி வரவில்லை. பெட்டிகள் வரும் பட்டை ஓடி ஓடி, கடைசியில் யாரோ ஒருவரின் குடையை மட்டும் சுமந்து சுற்றியது. கவுன்ட்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைத் தட்டி, அதே சிரிப்போடு, "கவலைப்படாதீர்கள், உங்கள் பெட்டி பத்திரமாக இருக்கிறது" என்றார்.

"எங்கே?"

"பிரேசிலில்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சீட்டுக்கு நட்சத்திரம், சிரிப்புக்கு நட்சத்திரம், ஜூஸுக்கு நட்சத்திரம் கொடுத்த அந்த மேதாவிகளில் ஒருவருக்குக்கூட, பெட்டி போய்ச் சேருமா என்று கேட்கத் தோன்றவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலை மார்க்கோவின் ஆபீஸில் நீளமான மேஜைக்கு இந்தப் பக்கம் நாங்கள், வெறும் கையோடு. அந்தப் பக்கம் மார்க்கோ, இரண்டு டிசைனர்களோடு. கேட்டலாக்கை விரித்தேன். மார்க்கோ அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "படத்தை யாரும் காலில் மாட்டுவதில்லை" என்றார்.

இரண்டாவது ஷிஃப்ட் கண் முன்னால் வந்தது. கூடவே எனக்கு ஒரு யோசனையும் வந்தது. (என் வாழ்க்கையில் கஷ்டமெல்லாம் யோசனையாகத்தான் வரும்.) பாயின் கால்களைப் பார்த்தேன். கறுப்பு ஷூ, என்ன பளபளப்பு! அவரைக் கேட்காமலே எழுந்து நின்று, ஆங்கிலத்தில் முழங்கினேன்:

"எங்கள் முதலாளி இப்போது அணிந்திருப்பதே எங்கள் தயாரிப்பில் மிகச் சிறந்தது!"

மார்க்கோ நிமிர்ந்து உட்கார்ந்தார். பாய் இருமினார்.

"சும்மா இருப்பா," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

எவ்வளவு அடக்கமான மனிதர் என்று நினைத்தேன். "கூச்சப்படுகிறார்" என்று மார்க்கோவிடம் மொழிபெயர்த்தேன்.

"ஸ்டீபன், உக்காருடா டேய்!"

"உடனே கழற்றித் தருகிறார்" என்று அதையும் மொழிபெயர்த்தேன்.

வேறு வழியில்லாமல் பாய் ஒரு ஷூவைக் கழற்றினார். மார்க்கோ அதைக் குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்தினார். வளைத்தார், தையலைத் தடவினார், லைனிங்கில் விரல் விட்டுப் பார்த்தார். "அபாரம்!" என்றார். டிசைனர்களிடம் கொடுத்தார். அவர்களும் தலையாட்டினார்கள். நான் பாயைப் பார்த்துப் புன்னகைத்தேன். ஒற்றைச் சாக்ஸ் காலோடு உட்கார்ந்திருந்த அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றுவரை நான் வேறு எந்த மனித முகத்திலும் கண்டதில்லை.

ஷூவுக்குள் குதிகால் படும் இடத்தில் தங்க எழுத்தில் அச்சடித்திருந்த பெயரை மார்க்கோ எழுத்துக்கூட்டிப் படித்தார். "இது உங்கள் இன்னொரு கம்பெனியா?"

எதிர்த்தெரு கம்பெனி. பத்து வருஷமாக பாயும் அந்த முதலாளியும் கல்யாணங்களில்கூட எதிரெதிர் மூலையில் உட்காருவார்கள். பாய்க்குக் காலில் ஆணி. எங்கள் ஷூ கடிக்கும், அந்த ஷூ கடிக்காது. அதனால் ஆளை விட்டு ரகசியமாக வாங்கிப் போட்டிருக்கிறார்.

பாய் பொய் சொல்லவில்லை. "எதிர்த்தெருக்காரருடையது" என்றார். மார்க்கோ மேஜையைத் தட்டித் தட்டி, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்ததும் அந்தப் பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டார்.

திரும்பும் டிக்கெட்டும் அதே விமானத்தில்தான். பாய் வேறு வரிசையில் சீட் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அந்த சீசன் ஆர்டர் எதிர்த்தெருவுக்குப் போனது. எங்கள் இரண்டாவது ஷிஃப்ட் ஆட்கள் அப்படியே தெருவைக் கடந்து அங்கே வேலைக்குச் சேர்ந்தார்கள். (அது ஒன்றுதான் நான் நிம்மதியாகத் தூங்கக் காரணம்.) பாய் என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. பேக்கிங் செக்‌ஷனுக்கு மாற்றினார். "பேசற வேலை இல்லாத எடமா பாத்துப் போட்டிருக்கேன்" என்றார். அடுத்த வருஷம் அதே பத்திரிகை அந்த விமானத்தை முதலிடத்துக்கு ஏற்றியது.

அந்த ரம்ஜானுக்கு எதிர்த்தெரு முதலாளி வீட்டிலிருந்து ஒரு பெரிய பாத்திரம், தேக்சா நிறைய பிரியாணி குடியாத்தத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியது. கொண்டு வந்த டிரைவர், "இத்தாலி பையரை இட்டாந்தவரு நீங்கதானேன்னு முதலாளி குடுக்கச் சொன்னார்" என்றார். அன்று முதல் வருஷம் தவறாமல் வருகிறது. எனக்குக் கல்யாணமாகி வந்த மனைவி அதற்கு 'இத்தாலி பிரியாணி' என்று பெயர் வைத்தாள். "இத்தாலி வந்துடுச்சி, தட்டு எடுங்க" என்று அவள் கத்தினால் தெருவே சிரிக்கும்.

ஒருமுறை பாய் பெருநாள் இனிப்போடு எங்கள் வீட்டுக்கு வந்த அதே நேரத்தில் தேக்சாவும் வந்துவிட்டது. மறைக்க இடமில்லை. மனைவி பரிமாறியேவிட்டாள். பாய் ஒரு வாய் சாப்பிட்டார். நிறுத்தினார். வாசலில் நின்ற எதிர்த்தெரு டிரைவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"எங்க வீட்டுதை விட நல்லா இருக்குதும்மா," என்றார் என் மனைவியிடம். "அவன் ஷூவும் இப்டித்தான். இன்னும் கொஞ்சம் போடு."