பதினாலு மிஸ்டு கால்

வாஷ்பேசினுக்கடியில் மல்லாந்து கிடந்த பிளம்பரின் சட்டைப் பையில் போன் பதினான்காவது தடவையாக அடித்து ஓய்ந்தது.

"பதினாலா!" என்று எழுந்தவன், நங்கென்று தலையை முட்டிக்கொண்டான்.

அவனுக்கும் மனைவிக்கும் ஓர் ஒப்பந்தம். போனை எடுத்தால் அவள் காசு போய்விடும். ஆகவே எடுக்கக் கூடாது, எண்ண வேண்டும். ஒரு மிஸ்டு கால் என்றால் வேறு வேலை வந்திருக்கிறது. இரண்டு என்றால் பால் வாங்கி வரவும். மூன்று என்றால் பிரசவ வலி. அவளுக்கு இது ஒன்பதாம் மாதம். பதினாலுக்கு ஒப்பந்தத்தில் ஷரத்தே இல்லை.

"எப்பவும் ஒரு மணியில கட் பண்ணிடுவா. இன்னிக்கு ஒவ்வொண்ணும் முழுசா அடிக்குது, டீச்சரம்மா!" என்று, குழாய் ரிப்பேருக்குக் கூப்பிட்டிருந்த வீட்டு அம்மாவிடம் புலம்பினான். "நாலு மூணு பன்னெண்டு. மிச்சம் ரெண்டு. நாலு தடவை வலி, அப்புறம் பால்... ஒண்ணும் புரியலையே!"

டீச்சரம்மாவுக்குக் கணக்குப் பாடம். "நாலு குழந்தையா இருக்குமோ?" என்றார்.

"ஐயையோ, ஸ்கேன்ல ஒண்ணுதானே காட்டினாங்க!"

திருப்பிக் கூப்பிட அவன் போனில் காசில்லை. டீச்சரம்மா தன் போனைக் கொடுத்தார். மனைவி எடுக்கவில்லை. தெரியாத நம்பரை எடுக்காதே என்று கண்டித்து வைத்தவனே இவன்தான். சரி, நம்ம பாஷையிலேயே கேட்போம் என்று, 'வலியா?' என்ற அர்த்தத்தில் மூன்று மிஸ்டு கால் கொடுத்தான். அவள் போனையே அணைத்துவிட்டாள்.

"போச்சு! ஆஸ்பத்திரிக்குள்ள போயிட்டா! அம்மா, இந்தக் குழாயைக் கொஞ்சம் அழுத்திப் பிடிச்சுக்குங்க. பிறந்ததும் வந்துடுறேன்."

"ஏம்ப்பா, நாலும் பிறக்கிற வரைக்குமா?"

அதற்குள் அவன் தெருவுக்கு ஓடிவிட்டான். எதற்கும் இருக்கட்டும் என்று வழியில் நாலு பாக்கெட் பால் வாங்கிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு வேண்டிய துணிமணி எடுக்க முதலில் வீட்டுக்குள் பாய்ந்தான்.

மனைவி சாவகாசமாகத் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வலி?"

"இல்லையே."

"குழந்தைங்க?"

"எந்தக் குழந்தைங்க?"

"போனை ஏன் அணைச்சே?"

"எவனோ ஒரு பொறுக்கி விடாம மிஸ்டு கால் கொடுத்தான்."

பொறுக்கி பாலைக் கீழே வைத்தான். "அப்புறம் எனக்கு எதுக்குப் பதினாலு தடவை அடிச்சே? உயிரே போயிடுச்சு!" என்றபோது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அவள் முகம் வாடியது.

"இன்னையில இருந்து எவ்வளவு பேசினாலும் இலவசமாம். கல்யாணமாகி ஒரு வருஷமாச்சு, போன்ல உங்க குரலை ஒரு தடவைகூடக் கேட்டதில்லையேன்னு... சும்மா பேசத்தாங்க கூப்பிட்டேன்."