மாமியார் இணைப்பில் இல்லை

“மாமியார் போயிடுச்சு” என்றார் நூலகர், கைப்பேசியை முறைத்தபடி.

“மறுபடியுமா?” என்றாள் மனைவி, செருப்பை மாட்டிக்கொண்டே. “போன வாரம்தானே போச்சு?”

நூலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவருக்குப் பெயர் ஒட்டாத பொருளைக் கண்டால் கை அரிக்கும். சமையலறையில் உப்பு டப்பாவுக்கும் சீட்டு, அதன் மூடிக்கும் சீட்டு. வீடு முழுக்க வைஃபை கிடைக்கட்டும் என்று மனைவியின் உடன்பிறப்புகள் சேர்ந்து மூன்று வெள்ளைப் பெட்டிகள் வாங்கித் தந்தபோது அவற்றுக்கும் ஒட்டினார். ஹாலில் மாமனாரின் படத்துக்குக் கீழே இருந்தது ‘மாமனார்’. மாடிப்படித் திருப்பத்தில் நின்றுகொண்டு, வாங்கியதை அப்படியே மேலே தள்ளிவிடுவது ‘மச்சான்’. மாடியில் மாமியாரின் அறையில் இருந்தது, வேறென்ன, ‘மாமியார்’.

“இன்னிக்கு நாலு மணிக்கு அம்மாவுக்குப் பரீட்சை. ஞாபகம் இருக்கில்ல?”

எப்படி மறக்கும்? அறுபத்தேழு வயதில் எம்.ஏ. வரலாறு. எழுத்துத் தேர்வெல்லாம் தாண்டியாயிற்று. வாய்மொழித் தேர்வு ஒன்றுதான் பாக்கி, அதுவும் வீடியோவில். நடுவில் இணைப்பு அறுந்தால் அடுத்த வாய்ப்பு அடுத்த வருடம். காலையிலேயே மாமியார் கைப்பேசியை அணைத்துவிட்டு, அறையை உள்ளே தாழிட்டுப் படித்துக்கொண்டிருந்தார்.

“புது செட்டு வாங்கறதா வேண்டாமான்னு அஞ்சு வாரமா யோசிக்கறீங்க. ஒரு கல்யாணத்தையே முடிச்சிருக்கலாம்” என்று சொல்லிவிட்டு அவள் மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

நூலகர் ஆப்பில் ‘மாமியாரை’ மூன்று முறை தட்டி எழுப்பினார். அசையவில்லை. இணைப்பு கொடுக்கும் கம்பெனிக்குச் சொன்னார். ஆள் சாயங்காலம்தான் வருவானாம். புதிது வாங்கலாம்தான். ஆனால் எல்லாரும் சேர்ந்து கொடுத்ததை ஒரு வார்த்தை கேட்காமல் தூக்கிப் போடலாமா? ‘குடும்பம்’ குழுவில், தன் வழக்கப்படி எழுத்துத் தமிழில், பிழையில்லாமல் எழுதினார்:

“மாமியார் காலையிலிருந்து உயிரில்லை. மூன்று முறை எழுப்பிப் பார்த்துவிட்டேன். நான்கு மணிக்குள் முடிவெடுக்க வேண்டும். அனைவரின் கருத்தையும் எதிர்பார்க்கிறேன்.”

அடுத்து, படித் திருப்பத்தில் இருந்த பெட்டியைத் தொட்டார். தோசைக்கல் மாதிரி சுட்டது. இன்னொரு செய்தி போட்டார்:

“மச்சானும் கொதிக்கிறார். எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன்.”

கால் மணி நேரம் கழித்து வெளியே எடுத்தபோது ‘மச்சான்’ வேர்த்து விறுவிறுத்திருந்தது. மாட்டினால் விளக்கு எரியவில்லை. பதறிப்போய், ‘மாமனார்’ முதுகில் இருந்த சின்ன ஓட்டையில் குண்டூசியைக் குத்தினார். அது பத்து தடவை கண் சிமிட்டிவிட்டு, பாஸ்வேர்டு உட்படச் சகலத்தையும் மறந்துவிட்டது. தடித்த சுவர் வீடு. உள்ளே செல்போன் சிக்னல் எட்டியும் பார்க்காது. வைஃபையும் போனபின் அந்த வீடு தனித் தீவு.

மதியம் மருந்துக்கடையில் மனைவி குழுவைத் திறந்தாள். ஐம்பத்திரண்டு செய்திகள். தலையில் அடித்துக்கொண்டு அவசரமாகப் பதில் போட்டாள்: “யாரும் பதறாதீங்க. அவர் பெட்டியைப் பத்தித்தான் கேக்கறார். பழைய பெட்டியே போதுமா, பெருசா புதுசு வாங்கணுமான்னு.”

உடனே அவள் சித்தியிடமிருந்து பதில் வந்தது: “பெருசாவே வாங்கலாம்மா. அக்கா நல்ல உயரம்.”

அதைப் படிக்க மனைவிக்கு நேரமில்லை. மாத்திரைச் சீட்டுகளோடு வரிசை நின்றது. விஷயம் தீர்ந்தது என்று போனை மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டாள்.

மூன்று மணிக்கு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது.

“பெட்டி வந்திருக்கு சார்” என்றார் டிரைவர், தாழ்ந்த குரலில்.

நூலகருக்கு வாயெல்லாம் பல். சொந்தம் என்றால் இதுவல்லவா சொந்தம்! “அதுக்குள்ள அனுப்பிட்டாங்களா! ஒண்ணா, மூணா?”

“ஒருத்தருக்கு ஒண்ணுதானே சார்?”

“மாடியில ஒருத்தங்கதான். ஆனா மாமனார், மச்சான், மாமியார் மூணையும் ஒரேயடியா முடிச்சுடலாம்னு பார்த்தேன்.”

டிரைவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். “மூணு பேரையுமா சார்?”

“அஞ்சு வாரமா திட்டம் போட்டுட்டிருக்கேன். இன்னிக்குத்தான் கை வச்சேன். ஒருத்தரை ஃப்ரிட்ஜுல வச்சுக்கூடப் பார்த்துட்டேன், சரிப்படல.”

டிரைவரும் உடன் வந்தவரும் பெட்டியைத் தூக்கி வந்து ஹாலில் இறக்கிவிட்டு, கையெழுத்துக்கூட வாங்காமல் ஓட்டமாய் ஓடினார்கள். பழுப்புக் காகிதம் சுற்றிய பெட்டி ஆறடிக்கு மேல் நீளமிருந்தது. ‘இவ்வளவு பெரிய வைஃபையா! பக்கத்துத் தெருவுக்கே எட்டும் போலிருக்கே’ என்று நூலகர் வியந்து நின்றபோது வாசலில் கார்கள் வரிசையாக வந்து நின்றன.

முதலில் சித்தி, கைக்குட்டையும் கையுமாக. “அக்கா! என்னை விட்டுட்டுப் போயிட்டியே!”

பின்னால் மூத்த மச்சினி, அவள் கணவர், பிள்ளைகள், ஒன்றுவிட்ட, ரெண்டுவிட்ட உறவுகள். கடைசியாக, நிஜமான மச்சான். கண் சிவந்திருந்தது. அழுகையாலா கோபத்தாலா என்று தெரியவில்லை.

“அத்தான், அம்மா விஷயம் அப்புறம். என்னை ஃப்ரிட்ஜுல வைக்கறதா எழுதினீங்களே, என்ன அர்த்தம்?”

“உங்களை யாரு வச்சா? நீங்க படியில இருந்தீங்க...” என்று தொடங்கிய நூலகர் பாதியில் நிறுத்தினார். கூட்டத்தைப் பார்த்தார். ஆறடிப் பெட்டியைப் பார்த்தார். தான் எழுதியதை ஒரு வரி விடாமல் மனசுக்குள் படித்தார்.

அந்த நேரம் பார்த்து, குழுவை மறுபடி திறந்து பார்த்துவிட்டு மருந்துக்கடையிலிருந்து ஓடி வந்த மனைவி உள்ளே நுழைந்தாள். “அம்மா மேல படிச்சிட்டிருக்கா! செத்தது வைஃபை!”

முதலில் சித்தி ‘க்ளுக்’கென்றார். அது மூத்த மச்சினிக்குத் தொற்றியது. அடுத்து மச்சானுக்கு.

“ஷ்ஷ்! மணி நாலு!” என்றாள் மனைவி. “அம்மா ஆரம்பிச்சுட்டா. யாரும் மூச்சு விடாதீங்க!”

இருபத்துமூன்று பேர் சவப்பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து, வாய்க்குள் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் யாரும் அழுகை என்றுதான் நினைப்பார்கள்.

நூலகர் மட்டும் சிரிக்கவில்லை. பூனை போலப் படியேறி, கதவில் காதை வைத்தார். உள்ளே மாமியார் கணீரென்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நூலகர் நினைத்தார்: ‘நெட்டே கிடையாது. உறைந்துபோன திரையோடு பேசுகிறார். பதற்றத்தில் தெரியவில்லை. ரெண்டு வருட உழைப்பு. எல்லாம் என்னால்.’ கதவைத் தட்டக் கை உயர்ந்தது. அந்தக் குரலில் இருந்த மிடுக்கைக் கலைக்க மனம் வரவில்லை. மேல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நாலே முக்காலுக்குக் கதவு திறந்தது. புதுப் புடவையில் மாமியார். நூலகரைத் தாண்டிக் கீழே எட்டிப் பார்த்தவர் முகம் மலர்ந்தது.

“அட! பாஸுன்னு எனக்கே இப்பத்தான் திரையில சொன்னாங்க. அதுக்குள்ள உங்களுக்கெல்லாம் யாரு சொன்னா? தங்கச்சியும் வந்திருக்காளா! இது என்ன நீளமா... எனக்குப் புத்தக அலமாரியா?”

இத்தனை நேரம் அடக்கி வைத்த சிரிப்பு அணை உடைந்தது போலக் கிளம்பியது. சித்தி அக்காவைக் கட்டிக்கொண்டு நிஜமாகவே அழுதார். மச்சான் அந்த ‘அலமாரி’யின் மேல் ஏறி உட்கார்ந்து, யாரும் காகிதத்தைப் பிரிக்காமல் காவல் காத்தார்.

“ஆனா அத்தே,” என்றார் நூலகர், ஒன்றும் புரியாமல், “நெட்டே இல்லையே. எப்படிப் பேசினீங்க?”

மாமியார் சட்டென்று புடவைத் தலைப்பைச் சரிசெய்யத் தொடங்கினார்.

அதற்குள் இணைப்புக் கம்பெனி ஆள் பையோடு வந்து சேர்ந்து, நேரே மாடிக்குப் போய், இரண்டே நிமிடத்தில் இறங்கி வந்தான்.

“பெட்டியில ஒரு கோளாறும் இல்ல சார், டேபிள் லைட் மாட்டறப்பல்லாம் அம்மா அதோட ப்ளக்கைக் கழட்டிடறாங்க, அவங்களுக்குத்தான் எட்டு மாசமா நான் போட்ட தனி லைன் ஓடுதே, ‘ஆசையா என் பேரை ஒட்டி வச்சிருக்கார், மாப்பிள்ளைகிட்ட மட்டும் சொல்லிடாதப்பா’ன்னாங்க... ஆமா, இதுல மாப்பிள்ளை யாரு சார்?”