கனடா இனிப்பு

"மச்சான், நான் தந்துவிட்ட இனிப்பு வேலை செய்யுதோ?"

டொராண்டோவிலிருந்து சிநேகிதர் வல்லிபுரம் அழைத்தபோது, மதுசூதனன் துபாய் ஆபீஸில் வரைபடம் ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"சோக்காய் வேலை செய்யுது. முழங்கால் நோவும் குறைஞ்சிட்டுது. என்ன மூலிகை அது?"

"கஞ்சாதான். கடுகளவு. இஞ்ச கிழடு கட்டையெல்லாம் தேத்தண்ணியோட எடுக்குதுகள்."

மதுசூதனனின் கையிலிருந்த பென்சில் விழுந்தது.

இரண்டு வாரமாகத் தினமும் அரைத் துண்டு. மனைவி தக்ஷாயினிதான் அவற்றை ஜாம் போத்தலில் போட்டு வைத்திருந்தாள். இருபத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் "ஓம்", "இல்லை" தவிர அதிகம் பேசாத மனுஷன், இப்போது மாலைத் தேநீரோடு அரை இனிப்பை மென்றதும் ஊரான நெல்லியடியின் பழைய கதைகளை அவிழ்க்கத் தொடங்கியிருந்தார். அவள் டியூஷனுக்குப் போன ஒழுங்கை, அந்தக் குறுகிய தெரு. அவளைப் பார்ப்பதற்காகவே தன் சைக்கிள் டயரில் தானே முள் குத்தி, எதிரே இருந்த பஞ்சர் கடையில் மணிக்கணக்காக நின்றது. எல்லாம் கஞ்சா பேசியதா?

இன்று நோவு கூடுதல் என்று போத்தலையே பையில் கொண்டு வந்திருந்தார். பிடிபட்டால் சிறை. தலைவலி என்று லீவு சொல்லிவிட்டு இறங்கினார்.

சத்வா பஸ் நிறுத்தக் குப்பைத் தொட்டியில் போத்தலைப் போட்டுவிட்டு விரைந்து நடந்தார்.

"பாய்! பாய்! ஆப்கா சாமான்!"

துப்புரவுத் தொழிலாளி போத்தலோடு ஓடி வந்தார். "அச்சா மிட்டாய்! ஏக் தே தோ, பாய்," என்று தனக்கும் ஒன்று கேட்டார்.

"மாஃபி! மாஃபி! இது தவாய்!" இல்லை, இது மருந்து என்று கத்தியபடி போத்தலைப் பறித்துக்கொண்டு மதுசூதனன் ஓடினார். நோகும் காலோடு ஐம்பது வயதுக்காரர் ஓடுவதைப் பார்த்து, போலீஸ் கார் ஒன்று வேகத்தைக் குறைத்தது.

உடனே ஓட்டத்தை நிறுத்தி நடந்தார். நடப்பது இன்னும் சந்தேகமாகத் தெரிந்தது. சந்துக்குள் நுழைந்து, மூச்சிரைக்க வீடு சேர்ந்து கதவைப் பூட்டினார்.

தடயமே இருக்கக்கூடாது. மிச்சமிருந்த பதினொரு துண்டையும் வாயில் திணித்து விழுங்கினார். விழுங்கிய பிறகுதான், தடயம் இப்போது தன் வயிற்றுக்குள் இருப்பது உறைத்தது.

கிளினிக்கில் டியூட்டியிலிருந்த தக்ஷாயினிக்குப் போன் போட்டார்.

"தக்ஷா, நான் முடிஞ்சன். அது கஞ்சா இனிப்பாம். முழுக்கத் திண்டிட்டன்."

"இஞ்சேருங்கோ, நான் சொல்லுறதைக் கேளுங்கோ..."

"முதல் நீர் கேளும். நினைவு தப்ப முன்னம் சொல்லவேணும். அந்த நாளையில டியூஷன் வாசலில உம்மட சைக்கிளுக்குக் காத்துத் திறந்துவிட்டதும் நான்தான். ஆறு தரம். உருட்டிக்கொண்டு பஞ்சர் கடைக்கு வருவீர் எண்டுதான். நீர் பாவாடை முழுக்கச் சேறோட நடந்து வருவீர். அந்த வடிவு எனக்கு இண்டைக்கும்..."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் ஓசை. இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அவர் சோபாவில் நீட்டிப் படுத்து, மயக்கம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. கதவு தட்டப்பட்டது. போலீஸ்தான் என்று எழுந்துபோய்த் திறந்தார்.

எதிர்வீட்டு ஜுலைஹா பீவி. கையில் மோர்ச் செம்பு. முகமெல்லாம் சிரிப்பு.

"தக்ஷா போன் பண்ணுச்சு. கலங்காதீங்க தம்பி, அந்தக் கனடாச் சாமானை லேபிளைப் படிச்ச அன்னிக்கே அவ டாய்லெட்டுல கொட்டிட்டா. நீங்க தின்னதெல்லாம் எம் பேரனுக்கு வாங்குன ஜெல்லி மிட்டாய், ஆனா நீங்க வாயத் தொறந்து பேச ஆரம்பிச்சதுல, உண்மையச் சொல்ல அவளுக்கு மனசு வரல!"